வாயிலில் நின்ற கப்பல்

ஆரின் ஸ்காரை எங்கள் ஊரில் எல்லோருக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டுநராகத்தான் தெரியும். எங்கள் மேனிடோவாக்கின் வடக்குப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அவர் பேருந்தில் ஏறி வளர்ந்தவர்கள். அவர் ஒரு பலகை விளையாட்டுக் கம்பெனியின் பங்காளி என்பதும், ஏரிக்கரை ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அவரைப் போனில் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்டார்கள் என்பதும் பக்கத்து வீட்டுக்காரருக்கே பல வருஷம் தெரியாது. தெரிந்த அன்று அவர் என்னிடம், "நம்ம ஆரினா? மூடுபனில வழி தெரியாம பஸ்ஸ சோளக்காட்டுக்குள்ள விட்ட ஆளா?" என்று கேட்டார். அதே ஆரின்தான் என்றேன்.

கம்பெனியைத் தொடங்கியவர் லைல் பெட்ராக். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மெலிந்த ஆள், பேச்சும் மெலிந்தது. ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடியதை அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு மீதி உங்களுக்கே புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். நான் அப்போது கடைப் பலகைகளும் படகுகளின் பின்புறத்தில் பெயரும் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வசந்தகாலத்தில் படகுக் கொட்டகைக்கு வந்து, நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆர்டிஸ், ஒரு ஏரி வரஞ்சு தருவியா?" என்றார்.

"எந்த ஏரி?"

"எல்லா ஏரியும் சேர்ந்த மாதிரி ஒண்ணு."

அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன்.

விளையாட்டின் பெயர் 'கடைசிக் கப்பல்'. ஏரி உறைந்துபோவதற்குள் ஆளுக்கு மூன்று கப்பல்களை வைத்துக்கொண்டு இரும்புத் தாதுவையும் கோதுமையையும் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். நடுநடுவே சீட்டுக் கட்டிலிருந்து புயல் வரும். புயல் வந்தால் நடு ஏரியில் இருக்கும் கப்பல் மூழ்கிவிடும். துறைமுகத்துக்குள் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். மூன்றும் மூழ்கியவர் எழுந்து போய்விட வேண்டியதுதான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்னால் வாயில் என்று ஒரு கட்டம் உண்டு. கப்பல்கள் உட்படப் பலகை முழுக்க நான் வரைந்ததுதான்; இந்தக் கட்டத்தை வெளிர்நீலத்தில் வரைந்தேன். பின்னால் நடந்த எல்லாம் அந்த வெளிர்நீலக் கட்டத்தில்தான் நடந்தது.

கம்பெனிக்கு 'மூன்றாம் துறை' என்று பெயர் வைத்தார் லைல். முதல் இரண்டு துறை எங்கே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது. லைலிடம் கேட்டபோது, "ஒண்ணாம் துறைன்னு வச்சா நல்லாவா இருக்கு?" என்றார்.

ஆரின் இதில் சேர்ந்ததற்குக் காரணம் அவர் தோற்றதுதான். லைல் வீட்டுச் சமையலறையில் நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க ஆடிப் பார்த்தோம். ஆரின் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. லைலுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "நீ தோக்குறதப் பாத்தாத்தான் விதில எங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியுது. நீ இல்லாம இத முடிக்க முடியாது" என்றார். ஆரின் இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் வீட்டு நிலவறை ஈரமில்லாதது. பெட்டிகளை அடுக்க இடம் வேண்டியிருந்தது. அவரும் பங்காளி ஆனார்.

விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. அச்சுக்குப் போகும் முன் லைல் அதைக் காட்டினார்.

"இங்க உன் போன் நம்பரப் போட்டுருவோம், ஆரின். யாருக்காவது சந்தேகம் வந்தாக் கூப்பிடட்டும். நீதான் பஸ் எடுக்காத நேரத்துல வீட்ல இருக்க."

"கூப்பிட்டா நான் என்னப்பா சொல்றது?"

"விதில என்ன இருக்கோ அதச் சொல்லு."

"விதி அவங்க கையிலயும் இருக்குமே."

"அப்ப கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டு."

முதல் அழைப்பு வர வெகுநாள் ஆனது. டுலூத்திலிருந்து க்ளாரிஸ் என்ற பெண். பின்னாலிருந்து ஆட்கள் வாதாடும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையிலிருந்தே பேசினாள். புயல் வந்துவிட்டது, ஒரு கப்பல் வாயிலில் நிற்கிறது, அது மூழ்குமா பிழைக்குமா என்று கேட்டாள். ஆரின் புத்தகத்தைப் புரட்டினார். லைல் எழுதியிருந்தது ஒரே வரி: 'வாயிலில் நிற்கும் கப்பல் புயலைத் தாங்கும்.'

ஆரின் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"அது எங்களுக்கும் தெரியுது" என்றாள் க்ளாரிஸ். "தாங்கும்னா என்ன? ஒண்ணும் ஆகாம நிக்குமா, இல்ல அடி முழுக்க அது தலையிலதான் விழுமா? எங்க வீட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

ஆரின் அந்த வரியை மறுபடி பார்த்தார். இரண்டு விதமாகவும் சரியாக இருந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "கப்பல் யாரோடது?" என்று கேட்டார்.

"என் மாமியாரோடது. அவங்களுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா எழுந்து போயிருவாங்க. போனா இன்னைக்கு பூரா பேச மாட்டாங்க."

"அப்ப பிழைச்சுக்கும்" என்றார் ஆரின்.

போனை வைத்ததும் அவருக்கு வியர்த்துவிட்டதாம். மறுநாள் பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக லைலின் வகுப்பறைக்குப் போனார். லைல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"லைல், அந்த வாயில் விஷயம். தாங்கும்னு எழுதியிருக்கியே."

"ஆமா. தாங்கும்."

"தாங்கும்னா?"

"தாங்கும்னா தாங்கும். இதுல என்ன குழப்பம்?" என்று சொல்லிவிட்டு லைல் அடுத்த தாளை எடுத்தார்.

ஆரின் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பேருந்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தனக்கு இன்னும் பதில் தெரியாது என்பது உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். என்னிடம் வந்து, "நீ வரஞ்சவதானே, உனக்குத் தெரியுமா?" என்றார். நான் நீலம் அடித்தேனே தவிர அதில் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை. கடைசியில் இழுவைப் படகு ஓட்டும் கேப்டன் ஒருவரைத் துறைமுகத்தில் பிடித்துக் கேட்டார். நிஜத்தில் புயல் வரும்போது துறைமுக வாயிலில் கப்பல் நின்றால் என்ன ஆகும்?

"அங்க ஏன் நிக்குது?" என்றார் கேப்டன்.

"நிக்குதுன்னு வச்சுக்குங்க."

"அங்க நிக்கவே கூடாது. உள்ள வரணும், இல்ல வெளிய போகணும். எவன் அங்க நிறுத்துனது?"

"ஒரு மாமியார்" என்றார் ஆரின். கேப்டன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படகுக்குள் போய்விட்டார்.

விளையாட்டு மெதுவாகப் பரவியது. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குப் பரிசாக வாங்கிக் கொடுப்பது, ஒரு மதுக்கடையில் ஆடுவதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர் கேட்பது என்று அப்படித்தான். அழைப்புகளும் கூடின. பத்துக்கு எட்டு அந்த வாயிலைப் பற்றித்தான். ஆரின் சமையலறைச் சுவரில் போன் இருந்தது. மேவிஸ், அவர் மனைவி, அடுப்படியில் வேலை செய்துகொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு வேறு பதில் சொல்வதாக அவள் சொன்னாள்.

"நேத்து எஸ்கனாபாக்காரருக்கு மூழ்கும்னு சொன்ன. இன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு மூழ்காதுன்னு சொல்ற."

"நேத்து அப்படியா சொன்னேன்?"

"ஆமா. அதுக்கு முந்துன நாள் ஒருத்தருக்கு, வந்த துறைமுகத்துக்கே திரும்பிப் போயிரும்னு சொன்ன. அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல" என்றார் ஆரின். "ஆனா அவங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டு இருந்தாங்க மேவிஸ். எனக்கு அப்ப அதுதான் சரின்னு பட்டுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவும் நினைக்கவில்லை. போனில் ஒருவர் கேட்கும்போது அவருக்கு ஒரு பதில் நிச்சயமாகத் தெரியும். வைத்ததும் அந்த நிச்சயம் போய்விடும். இதை அவர் பல தடவை என்னிடம் விளக்கப் பார்த்தார். விளக்கி முடிக்கும்போது எனக்கும் தலை சுற்றும்.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு லைலுக்குப் போட்டி நடத்தும் யோசனை வந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம். டுலூத், எஸ்கனாபா, கிரீன் பே, ஷெபாய்கன் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். இத்தனை பேர் நம் விளையாட்டை ஆடுகிறார்கள் என்று நாங்கள் மூவரும் அன்றுதான் கண்ணால் பார்த்தோம். லைல் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேவிஸுக்குச் சளி, வரவில்லை. ஆரின் சமையலறைப் பக்கம் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். ஜெயிப்பவருக்கு ஒரு முழுச் சக்கரம் செடார் சீஸ் பரிசு.

முதல் சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஜன்னலோர மேசையில் குரல் எழுந்தது. புயல் சீட்டு வந்திருந்தது. வாயிலில் ஒரு கப்பல்.

"மூழ்கிருச்சு. எடுங்க" என்றார் எஸ்கனாபாக்காரர்.

"ஏன் மூழ்கணும்? வாயில்ல இருந்தா பிழைச்சுக்கும்" என்றாள் ஒரு பெண். டுலூத் க்ளாரிஸ்தான் அது.

"யார் சொன்னது?"

"ஆரின் சொன்னார்."

"எனக்கும் ஆரின்தான் சொன்னார். மூழ்கும்னு."

"வந்த துறைமுகத்துக்குத் திரும்பிரும்னுல்ல எங்களுக்குச் சொன்னார்" என்றது பக்கத்து மேசை.

அதற்குள் மற்ற மேசைகளிலும் தெரிந்துவிட்டது. கூடம் முழுக்க ஆரின் சொன்னார், ஆரின் சொன்னார் என்ற பேச்சு. யாரோ போய் அவரைக் கூட்டி வந்தார்கள். கையில் இடுக்கியோடு வந்து நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எதுங்க சரி?" என்று க்ளாரிஸ் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் ஆரின். "எனக்கு ஆரம்பத்துலருந்தே தெரியாது."

லைல் முன்னால் வந்தார். "இதுல குழம்ப ஒண்ணுமே இல்ல. கப்பல் மூழ்கும். நான் எழுதுனது அதுதான்."

"ஆனா போன வருஷம் மில்வாக்கி கண்காட்சில நீங்களே எங்களோட உக்காந்து ஆடுனீங்க" என்றாள் க்ளாரிஸ். "என் கப்பல் வாயில்ல இருந்துச்சு. பிழைச்சுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க. அதனாலதான் நான் ஜெயிச்சேன்."

லைல் ஒரு விதிப் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பதினைந்து இருபது வருஷம் இயற்பியல் நடத்திய மனிதர் தானே எழுதிய ஒரு வரியின் முன் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில், "எழுதும்போது எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

எஸ்கனாபாக்காரர் பொறுமை இழந்தார். கூடத்துச் சுவரில் ஒரு போன் இருந்தது. நேராகப் போய் விதிப் புத்தகத்தில் இருந்த நம்பரைச் சுழற்றினார். ஆரின் பக்கத்திலேயே நிற்கும்போது ஆரின் வீட்டுக்கு ஏன் போன் செய்தார் என்று பிறகு கேட்டதற்கு, பழக்கம் என்றார். மேவிஸ் எடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பிக் கூடத்துக்குச் சொன்னார்:

"அந்தம்மா சொல்றாங்க, அவர் எப்பவும் கப்பல் யாரோடதுன்னு மொதல்ல கேப்பாராம். யாருக்கு அதான் கடைசிக் கப்பலோ அவங்களது பிழைச்சுக்குமாம். நிறைய வச்சிருக்கிறவங்களது மூழ்கிருமாம். இத்தன வருஷமா அடுப்படில நின்னு கேட்டதுல அப்படித்தான் தெரியுதாம்."

சிலர் தலையாட்டினார்கள். எனக்குக்கூட, அப்பாடா, இதற்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்று தோன்றியது. ஆரின் வாயைத் திறந்தபடி நின்றார். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றைக் கேட்பவர் மாதிரி.

அப்போது பின்வரிசையிலிருந்து ஷெபாய்கனிலிருந்து வந்த வெர்ன் டூடெக் எழுந்தார். கனத்த ஆள், பச்சைத் தொப்பி. "அதெல்லாம் இல்ல. எனக்கு ஒரே ஒரு கப்பல்தான் மிச்சம் இருந்துச்சு. இவர்கிட்டக் கேட்டேன். மூழ்கிருச்சுன்னு சொல்லி என்ன எழுப்பி விட்டுட்டார்."

மறுபடி இரைச்சல். லைல் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு படியேறி வெளியே போய்விட்டார். வந்தவர்கள் நல்லவர்கள், ஒவ்வொரு மேசையும் தனக்கென்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டு ஆடியது. மாலை வரை ஆடினார்கள். சீஸ் சக்கரம் கிரீன் பேயிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவருக்குப் போனது. அவர் எந்த விதிப்படி ஜெயித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லைல் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆரினோடு பேசவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தது. வாயிலில் நிற்கும் கப்பல் மூழ்கும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார். போன் நம்பர் இல்லை. எனக்கு ஆரின் மீது வருத்தமா லைல் மீது வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

ஆரினை உறுத்தியது லைலின் கோபம் இல்லை. வெர்ன் டூடெக்தான். "மேவிஸ் சொன்ன மாதிரின்னா அவரோட கப்பல் பிழைச்சிருக்கணும், ஆர்டிஸ். நான் ஏன் அவர மட்டும் மூழ்கடிச்சேன்? அன்னைக்கு எனக்கு என்ன கோபம்?" என்று கேட்பார். பள்ளியில் எதுவும் தகராறா, பேருந்து பழுதா, மேவிஸோடு சண்டையா என்று யோசித்துப் பார்ப்பார். ஒன்றும் நினைவு வராது.

பனி உருகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஷெபாய்கனுக்குப் போனார். வெர்ன் டூடெக் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தூரிகையை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

"உங்க கப்பல் விஷயமா வந்தேன்" என்றார் ஆரின். "நான் எப்ப உங்களுக்கு அப்படிச் சொன்னேன்? உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன்."

வெர்ன் தரையைப் பார்த்தார். "நான் உங்களுக்குப் போனே பண்ணலைங்க."

"என்னது?"

"பண்ணல. எங்க வீட்ல மூழ்கும்னுதான் ஆடுவோம். எங்க அண்ணன் வச்ச விதி அது. அன்னைக்கு அங்க எல்லாரும் ஆரின் சொன்னார், ஆரின் சொன்னார்னாங்க. எங்க அண்ணன் சொன்னார்னா எவன் கேப்பான்? அதான் நானும் உங்க பேரச் சொல்லிட்டேன்."

ஆரின் வேலியைப் பிடித்துக்கொண்டார். வண்ணம் கையில் ஒட்டியது, அவர் கவனிக்கவில்லை. வெர்னின் மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு ஆப்பிள் பலகாரம் கொடுத்தாள். வெர்ன் மேசையில் பலகையை விரித்தார். நாங்கள் நால்வரும் ஒரு ஆட்டம் ஆடினோம். ஆரின் தோற்றார்.

திரும்பி வரும் வழியில் கொஞ்ச தூரம் போனதும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

"அப்ப மத்தவங்க?" என்றார். "ஆரின் சொன்னார்னு சொன்னவங்கள்ல எத்தன பேருக்கு நான் நிஜமாச் சொன்னேன்?"

"அந்தம்மாவுக்குச் சொன்னீங்க. மாமியார் கப்பல்."

"ஆமா, அது நிச்சயம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நிச்சயம்தானே?" என்றார்.

நான் லைலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். லைல் கேட்டுக்கொண்டார். பிறகு, புதுப் பதிப்பு வாங்கியவர்கள் பலர் தெளிவான விதியை அடித்துவிட்டுப் பழைய வரியைப் பேனாவால் எழுதி வைத்து ஆடுவதாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள் என்றார். "தெளிவா எழுதிக் கொடுத்தா ஏன் வேணாங்கறாங்க? எனக்குப் புரியல" என்றார். அவர் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்த வெள்ளிக்கிழமை, ஊரில் வாராவாரம் நடக்கும் மீன் வறுவல் விருந்தில், ஆரினும் மேவிஸும் வழக்கமாக உட்காரும் மேசைக்கு லைல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆரின் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். சமாதானம் அவ்வளவுதான்.

மூன்றாம் பதிப்பில் பழைய வரி திரும்ப வந்தது. போன் நம்பரும். அதற்குப் பிறகு கம்பெனி நன்றாக ஓடியதா இல்லையா என்று கேட்டால், இரண்டும்தான். வேறு விளையாட்டுகள் மூன்று போட்டோம்; ஒன்றும் தேறவில்லை. 'கடைசிக் கப்பல்' மட்டும் நிற்கவே இல்லை. கிழக்கே இருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர் வாங்கக் கேட்டு வந்தார். ஒரு மணிநேரம் எங்களோடு உட்கார்ந்து வாயில் விதியைத் தெரிந்துகொள்ளப் பார்த்தார். லைல் ஒன்று சொன்னார், ஆரின் ஒன்று சொன்னார், மேவிஸ் இருவரையும் திருத்தினாள். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் வரவில்லை. லைல் ஓய்வுபெற்று அரிசோனாவுக்கு மகளிடம் போன வருஷம் கம்பெனியை மூடினோம். மிச்சமிருந்த பெட்டிகளை ஊர் நூலகத்துக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் கொடுத்தோம்.

ஆரினும் பேருந்து ஓட்டுவதை விட்டிருந்தார். அடுத்த கோடையில் தண்டர் பேயில் இன்னும் ஒரு கூட்டம் வருஷாவருஷம் போட்டி நடத்துகிறது என்று யாரோ சொல்ல, அவரும் மேவிஸும் நாட்டு எல்லை தாண்டிப் போனார்கள். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பெயர் கொடுத்து வரிசையில் நின்று ஆடினார். திரும்பி வந்ததும் என் வீட்டுக்கு வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"தெரியல. ரெண்டாவது சுற்றுல போயிட்டேன். அவங்க விதி எதுவும் நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒரு சின்னப் பொண்ணு பொறுமையாச் சொல்லிக் கொடுத்தா. சொல்லும்போது புரிஞ்சுது."

"வாயில்?"

"வாயில்ல யாருமே நிறுத்தல. அவங்க பலகைல ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு ஆர்டிஸ். நீ வரஞ்சியா?"

நான் வரையவில்லை. எந்தப் பதிப்பிலும் கலங்கரை விளக்கம் கிடையாது.

"யாரோ கையால வரஞ்சு சேத்திருக்காங்க போல" என்றார். "நல்லா இருந்துச்சு. உன் கப்பல விட நல்லா இருந்துச்சுன்னு மேவிஸ் சொன்னா."

"எங்க இருக்கு? கிழக்குக் கரையிலயா?"

"ஆமா, கிழக்கு" என்றார் ஆரின். காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். "இல்ல, மேற்குன்னு நினைக்கிறேன். பலகைய அவங்க தலைகீழா வச்சிருந்தாங்க."